உவைஸ் மாமாவின் ஊமைக் கத்தி

இந்தக் கதையில் ஒருவர் அடிமுட்டாளாகிறார், அந்த இடம் வரும்போது நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கலாம், நான் தடுக்க மாட்டேன். ஆனால் அது இப்போது இல்லை, இப்போதே சிரித்துத் தீர்த்துவிட்டால் மீதியை நான் யாரிடம் சொல்வது, அதனால் சிரிப்பைக் கொஞ்சம் கன்னத்துக்குள் அடக்கி வைத்துக்கொண்டு முதலில் எங்கள் ஊர்க் கத்திகளைப் பற்றிக் கேளுங்கள்.

நூராங்கரையில் கல்யாணம் முடிந்தால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வீடு பெண்ணுடையது, கட்டில் பெண்ணுடையது, கிணற்று வாளியும் பெண்ணுடையது. மாப்பிள்ளை வெறுங்கையோடு வந்தார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, அவர் வீட்டார் குடும்பத்துத் துருக்கிக் கத்தி ஒன்றை அவர் இடுப்பில் செருகி அனுப்புவார்கள். எந்தக் காலத்திலோ மரக்கலம் ஏறிப் போனவர்கள் முத்துக்கும் மிளகுக்கும் மாற்றாக வாங்கி வந்த கத்திகள் அவை. அறை வாசலுக்கு மேலே ஓர் ஆணியில் அது தொங்கும். அந்த வீட்டில் அவருடையது என்று சொல்ல அது ஒன்றுதான் இருக்கும், அதனால்தான் எங்கள் ஊர் ஆண்கள் வெளியூர் போய்த் திரும்பினால் செருப்பைக் கழற்றும் முன்பே நிமிர்ந்து ஆணியைப் பார்க்கிறார்கள்.

போன வருஷம் ஒரு திங்கட்கிழமை, சாயங்கால அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளிவாசல் படியிறங்கிக்கொண்டிருந்தபோது, அந்தக் கத்திகள் பேசத் தொடங்கின.

எல்லாக் கத்தியும் இல்லை, உண்மையான பழைய கத்திகள் மட்டும். கடைசியாக எந்தத் துருக்கிக்காரர் இடுப்பில் இருந்ததோ அவருடைய குரலில், அவருடைய பாஷையில், அஸருக்கும் அந்தி மக்ரிபுக்கும் நடுவே ஒரு வாக்கியம், சிலது இரண்டு வாக்கியம். ஒரு கத்தி தினமும் இருமிவிட்டுத்தான் ஆரம்பிக்கும். ஒன்றுக்குப் பொம்பளைக் குரல். ஊர் பயந்ததா என்று கேட்காதீர்கள், பயப்பட எங்களுக்கு நேரமில்லை; முதல் நாள் சாம்பிராணி போட்டார்கள், இரண்டாம் நாள் பிள்ளைகளைக் கத்திக்குக் கீழே வரிசையாக உட்கார வைத்தார்கள், மூன்றாம் நாளிலிருந்து அது பேசி முடித்ததும் வீடே சேர்ந்து ஆமீன் சொன்னது, அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் பலகையில் சாக்பீஸால் எழுதிப் போட்டார்கள்: ‘தொழுகை நேரத்தில் கத்திகளை உறையில் போட்டு வைக்கவும்.’ அதற்குள் முடுக்கில் பெண்கள், “உங்க ஊட்டுக் கத்திக்கு நேத்துத் தொண்ட கட்டியிரிந்திச்சே, இன்னக்கி எப்புடி இரிக்கி?” என்று ஒருவரை ஒருவர் விசாரிக்கும் அளவுக்கு வந்துவிட்டது.

முடுக்கு என்பது எங்கள் வீடுகளுக்குப் பின்னால் ஓடுகிற சந்து. பெண்கள் மட்டும் நடக்கிற வழி, ஆண்கள் கால் வைக்க மாட்டார்கள். என் ராஜ்ஜியம் அதுதான். என் பெயர் மர்ளியா, அப்போது பத்தாம் வகுப்பு, ஒரு குரலை ஒரு தடவை கேட்டால் போதும், அது என் தொண்டைக்குள் குடிவந்துவிடும். மீன்காரம்மா குரலில் “சாளையேய்” என்று ஒரே ஒரு சத்தம் கொடுத்துப் பதினோரு பேரைச் சட்டியோடு முடுக்குக்கு வரவழைத்திருக்கிறேன். உம்மா குரலில் வாப்பாவைச் சீனி வாங்க மூன்று தடவை கடைக்கு அனுப்பியிருக்கிறேன், மூன்றாம் தடவை உம்மாவே வாசலில் நின்று “யாருக்குக் கலியாணம், இவ்வளவு சீனி?” என்று கேட்டபோது வாப்பா பார்த்த பார்வை இருக்கிறதே, அதைக் குரலில் செய்துகாட்ட முடியாது, அது ஒன்றுதான் எனக்கு வருத்தம்.

சரி, கத்திக்கு வருகிறேன். அவை என்ன பேசுகின்றன என்று தெரிய வேண்டுமே? ஊரில் துருக்கி பாஷை தெரிந்த ஒரே ஆள் உவைஸ் மாமா, என் வாப்பா லாத்தா என்று கூப்பிடும் அவர் அக்கா, ஜுலைஹா மாமியின் மாப்பிள்ளை. துருக்கிக் கப்பல் ஒன்றில் வருஷக்கணக்காகப் பண்டாரியாக, அதாவது சமையல்காரராக இருந்தவர். கப்பலை விட்டு ஒரேயடியாக வீடு வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அவரை வீடு வீடாகக் கூட்டிப்போனார்கள்.

முதலில் போனது பெரிய நெய்னா வீட்டுக்கு. அங்கே இருந்தது முழ நீளக் கத்தி, பிடியின் நுனியில் இரண்டு காது வைத்தது, பேச ஆரம்பித்தால் ஓடு அதிரும், ஒரு வாரமாக அந்த வீட்டில் கண்ணை மூடிக் கையேந்தி ஆமீன் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாமா தாடியைச் சொறிந்துகொண்டு இரண்டு தடவை கேட்டார்.

“வெங்காயம் அடிப்புடிக்கிது, கிளறி வுடுன்னு சொல்லுது.”

வீடு அப்படியே நின்றது. அப்புறம் பெரிய நெய்னா தொண்டையைச் செருமிக்கொண்டு, “சரி, நல்ல காரியந்தானே, அதுக்கும் ஒரு ஆமீன் சொல்லிருவோம்” என்றார்.

எங்கள் கத்திகள் எல்லாம் அப்படித்தான் பேசின. கதவைச் சாத்து, பூனை வந்துவிடும் என்றது ஒன்று. பொம்பளைக் குரல் கத்தி யாரையோ காலைக் கழுவிவிட்டு உள்ளே வரச் சொன்னது. மேலத்தெருவில் ஒரு கத்தி மட்டும், மீசை முளைக்காத பையன் குரலில், நான் போகவில்லை உம்மா, நான் போகவில்லை என்று அழுதது. அதைச் சொல்லிவிட்டு மாமா எழுந்திருக்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டு அம்மா அன்றிலிருந்து தினமும் அஸருக்குப் பிறகு கத்திக்குக் கீழே நின்று, “போவாண்டாம் வாப்பா, இங்ஙனயே இரி” என்று தமிழில் சொன்னார், அந்தக் கத்தியின் அழுகை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

பேசாத கத்திகள்தான் பிரச்சினை. யார் யார் ஆணியில் ஊமை தொங்குகிறது என்று வெளியே தெரியத் தொடங்கியதும், ஏன் ஊமை என்று சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டார், அவர் பழைய இரும்புக்கடை மூசா காக்கா; அண்ணன் முறைக்கு எங்கள் ஊரில் காக்கா. கத்திகள் பேசுவதற்கு முன்பே எது பொய் என்று அவருக்குத் தெரியுமாம், யாரும் கேட்கவில்லையாம். சாயங்காலம் கடை வாசலில் நின்று அவர் சொன்னதை அவர் மூக்குக் குரலிலேயே நான் சொல்கிறேன், கேளுங்கள்.

“கண்ணால பாக்காதங்கோ, கையால பாருங்கோ. பழைய கத்திய ஒருத்தன் இருவது வருசம் புடிச்சிரிப்பான், புடி அவன் கைக்கித் தேஞ்சிரிக்கும், நீங்க புடிச்சா அவன் வெரலு எங்க இரிந்திச்சின்னு ஒங்களுக்கே தெரியும். இது சுத்திப்பாக்க வந்தவனுக்கு வித்த கத்தி, அழகுக்குச் செஞ்சது, புடிச்சா உள்ளங்கைய கடிக்கிது. ஒறைய வெளிச்சத்துல திருப்புங்கோ, ரெண்டு பக்கமும் ஒரு கோடு ஓடுதா, அச்சில ஊத்துன பித்தள. பவளம்னு சொன்னாங்களா, ஓரத்துல நகத்த வச்சிக் கீறுங்கோ, பச மஞ்சளா வரும், கண்ணாடிக் கல்லு. எழுத்த பாருங்கோ. நெசக் கத்தியில செஞ்சவன் பேரு இரிக்கும், ஹிஜ்ரி வருசம் இரிக்கும், தங்கக் கம்பியத் தட்டித் தட்டி எறக்கியிரிப்பான், ஒரு எழுத்து மாதிரி இன்னொரு எழுத்து இரிக்காது. இதுல அரபி மாதிரி சுழிச்சிரிக்கி, அரபியில வாசிச்சேன் வரல, அரபுத் தமிழ்ல வாசிச்சேன் வரல, இது எழுத்தே இல்ல வாப்பா, பூவேல. கடைசியா அலகு. நெசமானது தீட்டித் தீட்டி ஒரு பக்கம் ஒல்லியாப் போயிரிக்கும், ஈர மணல்ல அலை போன மாதிரி உள்ள ஒரு வரி ஓடும். இதக் கொண்டு வாழப்பழத்த நறுக்கச் சொல்லுங்கோ பாப்போம்.”

வாழைப்பழம் நசுங்கியது. அப்படி ஒன்பது வீட்டில் நசுங்கியது. அந்த வீட்டு மாப்பிள்ளைமார் கொஞ்ச நாள் வாசலுக்கு வரவில்லை, அப்புறம் வந்தார்கள், ஊரும் பழகிக்கொண்டது.

உவைஸ் மாமா வீட்டுக்குள் மட்டும் மூசா காக்கா போகவில்லை. ஏனென்றால் அந்த வீட்டுக் கத்தி சாதாரணக் கத்தி இல்லை. மாமாவின் வாப்பாவிடம் கத்தியே கிடையாது, மாமாதான் கல்யாணத்துக்கு முன்னால் இஸ்தான்புல்லிலிருந்து ஒன்று கொண்டுவந்தார். கப்பலின் கப்பித்தான் அன்பளிப்பாகக் கொடுத்தது, கப்பித்தானின் வாப்பாவுக்கு வாப்பா சண்டையில் பிடித்தது என்று சொன்னார். சமையல்காரன் கொண்டுவந்த பொம்மைக் கத்தி என்று மாமியின் சொந்தக்காரர்களே சிரித்தபோது, நாற்பது வருஷமாக முடுக்கில் நின்று அவர்களோடு மல்லுக்கட்டியவர் ஜுலைஹா மாமி. “கப்பித்தான் கையால குடுத்தது” என்று மாமி சொல்லும்போது அந்தக் கப்பித்தான் பக்கத்தில் நிற்பது போலவே இருக்கும்.

ஊர்க் கத்திகள் பேசத் தொடங்கிய மறுநாளே மாமி கூடத்தைக் கழுவிப் பாய் விரித்து எல்லாரையும் கூப்பிட்டார். முடுக்கே வந்து உட்கார்ந்தது. கத்தி பேசவில்லை. அடுத்த நாளும் வந்தார்கள், அதற்கு மறுநாளும். பிறகு ஒவ்வொருவராக, “எனக்கு அடுப்புல வேல கெடக்குது மாமி”, “எனக்குத் தல நோவுது” என்று நின்றுகொண்டார்கள். யாராவது சிரித்திருந்தால் மாமி சண்டை போட்டிருப்பார். யாரும் சிரிக்கவில்லை. ஒரே ஒரு தடவை மூசா காக்கா வாசல்வரை வந்து, “இறக்கித் தந்தா ஒரு பார்வ பாத்துருவேன்” என்றார். “அதத் தொடாதங்கோ” என்றார் மாமி. காக்கா அண்ணாந்து ஒரு கணம் பார்த்துவிட்டுத் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே திரும்பிப் போனார்.

அந்த வீட்டில் மாமி பேசிய கடைசி வார்த்தை அதுதான். அன்றிலிருந்து மாமாவிடம் பேச்சில்லை. தேத்தண்ணீர் வரும், வார்த்தை வராது. சோறு வரும், போதுமா என்ற கேள்வி வராது. ஊரெல்லாம் சுற்றி எந்தக் காலத்துத் துருக்கியின் பூனையையும் வெங்காயத்தையும் எல்லாருக்கும் தமிழாக்கிக் கொடுத்துவிட்டு மாமா வீட்டுக்கு வருவார், அங்கே கத்தியும் ஊமை, மாமியும் ஊமை. “நாப்பது வருசத்துல அவளோட நான் ஒழுங்கா இரிந்தது இந்த ரெண்டு வருசந்தான் மச்சான், பேசிக்கிட்டு இரிக்கணும்னுதான் கப்பல விட்டு வந்தேன்” என்று அவர் என் வாப்பாவிடம் சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். கத்திகள் பேசத் தொடங்கி நாற்பதாம் நாள் அது.

இதைக் கேட்டு எனக்கு இரக்கம் வந்தது என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். எனக்கு வந்தது வேறு. எத்தனையோ பேரை ஏமாற்றிய எனக்கு, துருக்கி பாஷை தெரிந்தவரையே துருக்கி பாஷையில் ஏமாற்றினால் எப்படி இருக்கும் என்று தொண்டை அரித்தது.

மறுநாள் அஸருக்குப் பிறகு பிளாஸ்டிக் குடம் ஒன்றை எடுத்துக்கொண்டு மாமி வீட்டு ஜன்னலுக்குக் கீழே முடுக்கில் குந்தினேன். நாற்பது நாள் ஊர்க் கத்திகளைக் கேட்டிருக்கிறேன், ஒன்றின் வால், ஒன்றின் தலை, அர்த்தம் தெரிந்த எதையும் சேர்க்காமல் மனசுக்குள் ஒட்டிவைத்திருந்தேன். குடத்துக்குள் வாயை வைத்து, புகையிலை போட்ட கிழவர் குரலில் மெதுவாக இழுத்தேன்: “யால்தரம் கொல்தரம்... பூயூக் சூயூக்... ஏ, கப்தான்!”

உள்ளே ஒரு டம்ளர் விழுந்தது. நான் தாவணியை வாய்க்குள் திணித்துக்கொண்டேன்.

அப்புறம் மாமியின் குரல், நாள் கணக்கில் துருப்பிடித்த குரல். “என்னா சொல்லுது?”

மாமாவின் நாற்காலி கிறீச்சிட்டது.

“பேசறதுக்கு இவ்வளவு நாளாயிட்டுது, மாப்பு கேக்குது” என்றார்.

நான் முடுக்கின் சுவரில் சாய்ந்து சத்தமில்லாமல் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! பண்டாரி மாமா, எத்தனை வருஷத் துருக்கி, எல்லாம் ஒரு குடத்துக்குள் அடங்கிவிட்டது. ஆசைப்பட்ட மனுஷருக்கு எந்தச் சத்தமும் பாஷையாகக் கேட்கும் என்று அன்று ஒரு தத்துவமும் கண்டுபிடித்தேன். நீங்கள் இங்கே சிரிக்க வேண்டாம், இன்னும் இருக்கிறது.

ஒரு நாளோடு நிறுத்தத்தான் நினைத்தேன். மறுநாள் அஸர் ஆனதும் மாமி கூடத்தில் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போடுகிற சத்தம் எங்கள் அடுப்படி வரை கேட்டது, கால் தானாகப் போனது. அன்று நான் இன்னும் கோபமான கிழவராகப் பேசினேன்.

“கப்பல்ல சூப்புக்கு உப்பு கூடிப்போச்சாம்” என்றார் மாமா. “பண்டாரி எந்நேரமும் ஒரு ஊட்டையே நெனச்சிக்கிட்டு இரிந்தானாம்.”

“எந்த ஊட்ட?”

“அத அது சொல்லல.”

“கேளுங்கோ.”

“கத்திக்கிட்ட கேள்வி கேக்க முடியாது புள்ளே. அதுவாச் சொன்னாத்தான் உண்டு.”

மறுநாள் அதுவாகச் சொன்னது, இந்த வீட்டைத்தான் என்று. அதற்கு மறுநாள், பனி கொட்டிய ஒரு துறைமுகத்தில் பச்சைச் சேலை உடுத்த யாரையோ பார்த்து, கப்பல் சங்கு ஊதியும் அசையாமல் நின்ற பண்டாரியைப் பற்றிச் சொன்னது. மாமி, “பச்ச எனக்கு ஆவாதே” என்றார். “அதான் கிட்டப் போய்ப் பாத்துட்டுத் திரும்பி வந்துட்டானாம்” என்றார் மாமா. அன்று சோறு வைக்கும்போது போதுமா என்ற கேள்வியும் சேர்ந்து வந்தது, என் காதாலேயே கேட்டேன்.

முடுக்குப் பெண்களுக்கு முதல் நாளே தெரியும், குடத்தோடு ஒருத்தி சுவரோரம் குந்தியிருந்தால் தெரியாமல் இருக்குமா? யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சபீதா லாத்தா மீன் சட்டியோடு என் காலைத் தாண்டும்போது மட்டும், “கொஞ்சம் தள்ளிக் குந்துளா, கத்தி” என்றார். அடுத்த நாள் அந்த இடத்தில் யாரோ ஒரு தடுக்குப் போட்டிருந்தார்கள். அதற்கு அடுத்த நாள் பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீரும் இருந்தது. கத்தி பேசி முடிக்கும் வரை அந்தப் பக்கம் யாரும் குழாயைத் திறப்பதில்லை.

ஒரு மாதம் போனது. ஒரு நாள் சோம்பலில், முந்தின நாள் சொன்னதையே எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொன்னேன். முந்தின நாள் அதற்கு அர்த்தம், கப்பலில் ஜுரம் வந்து கிடந்தபோது மாமியின் கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தது. இன்றைக்கு அதே சத்தத்துக்கு அர்த்தம், கடைசிப் பிள்ளை தங்காமல் போனபோது ஊர் வந்து சேர முடியாத பண்டாரி, தக்காளிப் பெட்டிமேல் உட்கார்ந்து அழுதது. “அது எனக்குத் தெரியாதே” என்றார் மாமி. எனக்குத் துருக்கிக்காரர்கள் மேல் பரிதாபமாக இருந்தது, ஒரே சத்தத்தில் இத்தனை அர்த்தம் வைத்துக்கொண்டு கடையில் போய் எப்படி உப்பு வாங்குவார்கள்? இப்படித்தான் நினைத்தேன், சத்தியமாக. நான் அவ்வளவு கெட்டிக்காரி.

பிறகு பரீட்சை வந்தது. மறுநாள் அறிவியல், அதில் வேதியியல் எனக்கு ஒன்றும் ஏறவில்லை, புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போய்த் தடுக்கில் குந்தினேன். அஸர் ஆனது, நாற்காலி இழுபட்டது, என் தலைக்குள் ஒரு துண்டுத் துருக்கியும் மிச்சமில்லை. சரி, எதுவானால் என்ன என்று, மடியில் விரித்திருந்த பக்கத்தையே குடத்துக்குள் கிழவர் குரலில் இழுத்தேன்: “சோடியம் பைகார்பனேட்... பொட்டாசியம் பெர்மாங்கனேட்... ஏ, கால்சியம்!”

உள்ளே யாரோ இருமினார்கள். இன்றைக்கு மாமா என்ன முட்டாள்தனமாகச் சொல்லப்போகிறார் என்று தாவணியைத் தயாராக வாயருகே வைத்துக்கொண்டேன்.

“என்னா சொல்லுது?” என்றார் மாமி.

மாமாவின் குரல் மற்ற நாள் போல் இல்லை. “அதுக்கு மொத்தம் நூறு உடன்பொறப்பாம்” என்றார். “இஸ்தான்புல் தோணித்துறை பக்கத்துல ஒரு தட்டுக்கடையில, ஒரே கயித்துல, மீனக் கோத்த மாதிரி நூறும் தொங்கிச்சாம். கப்பித்தானும் இல்லையாம், சண்டையும் இல்லையாம். இருவத்திரெண்டு வயசுல ஒரு பண்டாரி வந்து நின்னானாம். வாப்பா ஊட்டுல கத்தி இல்ல, கையில ஒண்ணுமில்லாமப் பொண்ணு ஊட்டுக்குப் போனா ஊரு சிரிக்கிமேன்னு நின்னானாம். நூத்துல இது ஒண்ணுதான் கோணலாத் தொங்கிச்சாம், அதப் பாத்து எடுத்தானாம். அவன் சொன்னது பொய்யாம். நாப்பது வருசமாப் பொய்யாம்.”

முடுக்கில் சபீதா லாத்தா துவைத்த துணியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார்.

“இது எனக்குத் தெரியாதாக்கும்?” என்றார் மாமி. “நீங்க வந்த மறுநாளே எறக்கித் தொடச்சேன், செவப்புக் கல்லு ஒண்ணு கழண்டு உள்ளங்கையில விழுந்திச்சி. சோத்துப் பசையில ஒட்டித் திரும்பி மாட்டுனேன். கத்தி ஊமையாப் போனதுல எனக்கென்ன? கப்பித்தான் குடுத்தான், கப்பித்தான் குடுத்தான்னு என்னய விட்டு நாப்பது வருசம் ஊரோட சண்ட போட வச்சீங்களே, ஊருல உள்ள கத்தியெல்லாம் உள்ளதச் சொல்லுது, நீங்களாவது ஒரு நாள் வந்து எங்கிட்டச் சொல்லுவீங்கன்னுதானே வாய மூடிக்கிட்டு இரிந்தேன்?”

“இப்பச் சொல்லிட்டேனே.”

“நீங்க எங்க சொன்னீங்க, கத்தில்ல சொல்லுது!”

அப்போதுதான் மாமி சிரித்தார். துணி கிழிகிற மாதிரி ஒரு சிரிப்பு, நின்று நின்று, விக்கி விக்கி, கூடவே மாமாவும், இரண்டு பேரும் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிவிடுகிற சத்தம் கூடக் கேட்டது. நான் ஜன்னலுக்குக் கீழே, நகராமல், என் சோடியத்துக்கும் கால்சியத்துக்கும் துருக்கியில் இப்படி ஓர் அர்த்தமா என்று நெற்றியைச் சுருக்கி யோசித்துக்கொண்டிருந்தேன்.

சிரித்து ஓய்ந்து மாமி மூக்கை உறிஞ்சினார். “வேற என்னா சொல்லுது?”

நான் வாயையே திறக்கவில்லை.

மாமா காது கொடுத்துக் கேட்கிறவர் போலக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார்.

“சன்னலுக்குக் கீழ ஒரு மாசமாக் கொசுக்கடியில குந்தியிரிக்கிற புள்ளைக்கி நாளைக்கிப் பரிச்சையாம்” என்றார். “பெர்மாங்கனேட்ட தப்பா உச்சரிக்கிதாம். உள்ள வந்து வெளிச்சத்துல உக்காந்து படிக்கச் சொல்லுது.”

குடம் என் கையை விட்டு உருண்டு, தடதடவென்று முடுக்கின் கடைசி வரை போனது.